ஒருமனதாக

பாலக்கோட்டில் எங்கள் சங்கத்துக்கு
வாக்குப்பெட்டி கிடையாது.
பதினெட்டு வருஷமாகத் தேவைப்படவில்லை.
செயலாளர் பெயரைப் படிப்பார், கைதட்டுவோம்,
காராபூந்தியும் லட்டும் வரும்.
தீர்த்தகிரி சார் எழுந்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.
மினிட் நோட்டில் 'ஒருமனதாக' என்று ஏறிவிடும்.

ஆவணியில் நான் மனுப் படிவம் கேட்டேன்.
அப்படி ஒரு தாளே இல்லை என்றார்கள்.
முழுத்தாளில் நானே கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்:
மு. மங்கையர்க்கரசி, இடைநிலை ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி.
(இன்னொருவர் மூன்று வருஷமாக மாற்றுப்பணியில்.
ஈராசிரியர் என்பது பலகையில் மட்டும்.)

நாலரை மணிக்கு மேல் ஸ்கூட்டியை எடுத்தால்
ஒரு நாளைக்கு மூன்று வீடு.
மாரண்டஅள்ளி, வெள்ளிச்சந்தை, பஞ்சப்பள்ளி.
தக்காளிக் கிரேடு ஏற்றிய வண்டிகளின் பின்னால்
சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன்.
எல்லாரும் காபி கொடுத்தார்கள்.
எல்லாரும் கேட்டார்கள்,
"வீட்ல என்ன சொல்றாங்க?"
தீர்த்தகிரி சாரை இப்படி யாராவது கேட்டிருப்பார்களா
என்று வண்டியைத் திருப்பும்போதுதான் தோன்றும்.

நஞ்சுண்டன் சார் மட்டும் வேறொன்று கேட்டார்.
"அவரு என்னம்மா தப்பு பண்ணாரு?"

நிறைமாதத்தில் என்னை மலைக்கு மாற்றியபோது
மூன்று நாள் அலுவலக வாசலில் நின்று
உத்தரவைத் திருத்தி வாங்கிவந்தவர் அவர்.
அதைச் சொன்னேன்.
ஓய்வூதிய மறியலில் எங்களை வேனில் ஏற்றிய அன்று
அதிகாரி வீட்டு நிச்சயதார்த்தத்தில்
பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.
அதையும் சொன்னேன்.
நஞ்சுண்டன் சார் காபியை ஆற்றினார்,
ஆடை படியும்வரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இரவில் நோட்டைத் திறந்து
பென்சிலால் டிக் போடுவேன்.
'உறுதி' என்ற பத்தியில் எண்பத்தெட்டு.

தேர்தலன்று ஒரு பிஸ்கட் டின் வந்தது,
மூடியில் கத்தியால் கீறல்.
வாக்குச்சீட்டு, பழைய வினாத்தாளின் பின்பக்கம்.
என் சீட்டின் மறுபுறம் 'பொருத்துக' இருந்தது.
இடப்பக்கம் மட்டும்.
விடைகள் வேறு யாருடைய சீட்டுக்கோ போயிருந்தன.
என் பெயரை எழுதி மடிப்பதற்குள்
"அம்மா, பேனா இருக்கா?"
தீர்த்தகிரி சார்.
கொடுத்தேன்.
சுவர்ப்பக்கம் திரும்பி எழுதினார்,
மூடியைத் தேடிப் போட்டுத்
திருப்பித் தந்தார்.

சார் எண்பத்திரண்டு.
நான் அறுபத்தொன்று.
செல்லாதது ஒன்று:
நடுவில் காற்புள்ளி வைத்து இரண்டு பேரையும் எழுதியிருந்தது.
எண்பத்தெட்டில் அறுபத்தொன்று போக...
மூன்றாம் வகுப்புக் கணக்கு,
கடன்கூட வாங்க வேண்டியதில்லை.
இருபத்தேழு.
இருபத்தேழு டம்ளர் காபி.

சென்னகேசவன் மினிட் எழுத உட்கார்ந்தார்.
பழகிய கை 'ஒருமனதா' வரை ஓடிவிட்டது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
பிறகு ஸ்கேல் கேட்டார்.
சொல்லின் மேல் நேராக ஒரு கோடு இழுத்து
அதற்கு மேலே 82, 61 என்று பொடியாக எழுதி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.
காராபூந்தி வந்தது.
லட்டு இந்த முறை ஆளுக்குப் பாதி,
ஏனென்று தெரியவில்லை.

கனகவல்லி டீச்சர் பின்னால் ஏறிக்கொண்டார்.
ரயில்வே கேட் போட்டிருந்தது.
"உனக்குத்தான் போட்டேன், தெரியும்ல?"
பக்கக் கண்ணாடியில்
அவர் முகம் பாதிதான் தெரிந்தது.
அறுபத்தொன்றா, இருபத்தேழா?
"முந்தானை சக்கரத்துல மாட்டப்போகுது டீச்சர்,
இழுத்துச் சொருகிக்குங்க" என்றேன்.
ரயில் வருகிற சத்தம் இன்னும் இல்லை.
வண்டியை அணைத்தேன்.