சுக்கும்

கீழக்கரையில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும்
பழைய சங்குக் கிடங்கை என்னிடம் ஒப்படைத்தார்கள்:
ஒரு கொத்துச் சாவி,
நாய் குட்டி போட்டிருந்த ஓர் அறை.

ஷார்ஜாவிலிருந்து அபூதாகிர்
படம் படமாக அனுப்பினார்.
கள்ளிச்செடி, நீலத் தொட்டி,
கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பில் ஒரு சுவர்.
"மெக்சிகோ ஸ்டைல். நீங்கதான் அங்க இருந்தீங்களே."

இருந்தேன். மெரிதாவில் எட்டு மாதம்.
கூரை போன வீடுகளுக்குக்
கூரை போடாமல் விடுவதற்கும்
அங்கே கட்டணம் வாங்கினோம்.
மழை எங்கே விழுகிறதோ அங்கே ஒரு தொட்டி கட்டினோம்.
பழைய சுவர் இதுவரை, நாங்கள் தொட்டது இதிலிருந்து என்று
குருடனும் தடவிச் சொல்லலாம்,
அப்படி ஒரு கோடு விட்டோம் நடுவில்.

முதல் வாரம் சிமெண்டை உரித்தோம்.
எண்பதுகளில் யாரோ பூசியது.
காற்றுப் படாமல் கட்டிய புண் மாதிரி
உள்ளே உப்பு நசநசத்துக் கிடந்தது.
மிக்கேல் உளியின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்து
"கருவாடு போடலாம்" என்றார்.

அதற்கும் பின்னால் முருகைக்கல்.
ஊசி நுழையும் அளவு நட்சத்திரங்கள்,
ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உயிர் குடியிருந்து காலி செய்த அறை.

சுண்ணாம்பைப் புளிக்க வைத்தோம். கடுக்காய் ஊறியது.
பேச்சுவாக்கில் சொன்னேன்:
அங்கே ஒரு மரப்பட்டையை வேகவைத்து
அந்தச் சாற்றில் குழைத்துப் பூசுவார்கள்,
தண்ணீர் இறங்காது, பேர் சுக்கும்.
"சுக்கா?"
"சுக்கும்."
"சுக்கும்... அப்புறம்? மிளகும் திப்பிலியுமா?"
சாரத்தில் நின்ற ஐந்து பேரும் சிரித்ததில்
கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

அங்கே என்னோடு சுவர் பூசியவர் பெயர் மிகேல்.
இங்கே மிக்கேல்.
ஒரே சம்மனசு, இரண்டு கரை.

ஐப்பசி மழையில் மேற்குச் சுவர்
ஓர் ஆள் உயரத்துக்குச் சரிந்தது.
நாய் குட்டிகளை முதல் நாளே தூக்கிப் போயிருந்தது,
அதற்கு எப்படித் தெரியுமோ.

"இதே கல் வேணும் மிக்கேல்."
"கடல்ல இறங்கணும். இறங்கினா உள்ள போடுவான்."
ஈரக் கல்லைக் காலால் புரட்டினார்.
"பதினாலு வயசுல கடப்பாறையோட இறங்கியிருக்கேன்.
எந்த இடம்னு இப்பவும் கண்ண மூடிட்டுச் சொல்வேன்.
நாங்க பேத்து எடுத்த பெறகு
அலைக்கு அங்க தடுப்பு இல்ல, நேரா வருது.
அந்தா தண்ணி நிக்குதே, அது தெரு."

அன்றிரவு வரைபடத்தை விரித்தேன்.
நாற்பது அடி நீளம், இரண்டடிக் கனம்.
இவ்வளவுக்கும் கடலடியில்
இதே அளவில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும்.
பாதிக் கட்டடத்துக்குத்தான்
நான் மதிப்பீடு எழுதியிருக்கிறேன்.

சரிந்த இடத்தை அடைக்கவில்லை.
விளிம்புகளைச் செங்கல்லால் கட்டி நிறுத்தி
நடுவைக் காற்றுக்கு விட்டோம்.

"அந்தச் சுவர் இன்னும் முடியலையா?"
போன் திரையில் அபூதாகிர்.
"முடிஞ்சிருச்சு."
அவர் பக்கம் ஏசி இரையும் சத்தம் மட்டும்.
"அந்தக் கலராவது..."

அதைக் கொடுத்தேன்.
திறப்பின் உள்விளிம்பில் மட்டும், இரண்டடிக் கனத்துக்கு.
வெயில் சாயும்போது தரையில் விழும்,
சங்கின் வாய்க்குள் இருக்குமே, அந்த நிறம்.
படங்களில் இருந்தது அதுவல்ல.
அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசி நாள். தொட்டியில் கரண்டியைக் கழுவியபடி
மிக்கேல் கேட்டார்:
"அந்த மிகேலுக்கு நாள் கூலி என்ன?"

பட்டையை எத்தனை மணி நேரம் வேகவைக்கணும், தெரியும்.
அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்,
மகளின் பள்ளி விழாவுக்குப் போயிருக்கிறேன்.
எட்டு மாதம்.

"கேக்கலையா?"
கரண்டியை உதறினார்.
"அடுத்த தடவை பேசுனா சொல்லுங்க,
எனக்கு ஆயிரத்து நூறு."