தோல் மூட்டை

கல்மண்டபத்துப் பின்சந்து. மாலை மூன்றரை.
நோன்பு திறக்கும் நேரத்துக்காக
மூன்று அண்டா பிரியாணி.
பல்கீஸ் உரித்துத் தள்ளிய வெங்காயத் தோல்
கோணியில் நிறைந்து
சரக்கு ரயிலின் அதிர்வில் தானாக அசைகிறது.

"இன்னாமே, குப்பைக்கும் துட்டா?"
முப்பது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டாள்.
அவளுக்குக் கண் கலங்குவதில்லை.
எனக்குத்தான்.

ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, உலர்த்தி,
மறுபடி வடித்து
மிஞ்சுவது மஞ்சளாக ஒரு தூள்.
நான்கு கிலோ தோலுக்கு
என் சுண்டுவிரல் நகத்தளவு குவெர்செட்டின்.

இரவெல்லாம் பட்டினி கிடந்த எலியின் ஈரல்
கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில்
உடம்பு போன சேதி தெரியாமல்
சர்க்கரை செய்துகொண்டிருந்தது.
களைத்த தசைகள் கழித்துவிடும் புளிப்பை வாங்கி
இனிப்பாக்கித் திருப்பித் தருகிற வேலை.
அன்றைக்குப் புளிப்பை நான்தான் ஊற்றினேன்.
இனிப்பை வாங்க யாருமில்லை.

மஞ்சளைக் கலந்தேன்.
சர்க்கரைக் கோடு சரிந்தது.
நல்ல சேதி என்று நோட்டில் எழுதிவிட்டேன்,
தேதி போட்டு, அடிக்கோடிட்டு.

பிறகு அளவைக் கூட்டினேன்.
ஆக்சிஜன் கோடும் சரிந்தது.
மைட்டோகாண்ட்ரியாவுக்குள்
மூச்சு வாங்குகிற சங்கிலியில்
ஏதோ ஒரு கண்ணியை யாரோ பிடித்துக்கொண்டதுபோல.
ஏ.டி.பி. அளந்தால், பாதி.

எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் தெரிகிற
எங்கள் மொட்டைமாடிக்குக் கீழே
ராத்திரி எட்டரைக்கு வோல்டேஜ் இறங்கும்.
மின்விசிறி சுற்றும், காற்று வராது.
பல்பு எரியும், எழுத்து தெரியாது.
அணைந்ததென்று புகார் கொடுக்கவும் முடியாது.
அந்த ஈரல் அப்படித்தான் இருந்தது.

அடிக்கோட்டை அழித்தேன்.
தேதியை விட்டுவைத்தேன்.

அடுத்த வாரம் பல்கீஸ்
கவரில் மடித்த ஸ்கேன் காகிதத்தை நீட்டினாள்.
வெங்காய வாசத்தோடு: கொழுப்பு ஈரல், இரண்டாம் நிலை.
"டாக்டர் நடக்கச் சொல்றாரு.
நான் குந்திக்கினே வேலை செய்யறவ.
இந்தத் தோலக் கொதிக்க வச்சுக் குடிச்சா கரையுமா?"

எலியைச் சொன்னேன். அளவைச் சொன்னேன்.
குடலைத் தாண்டுவதற்குள்
அது வேறு சட்டை போட்டுக்கொள்வதைச் சொன்னேன்.
கொஞ்சமாக இருந்தால் என்ன செய்யும்,
கூடினால் என்ன செய்யும்,
மனிதருக்குள் இரண்டுக்கும் கோடு எங்கே என்று
தெரியாது என்பதையும் சொன்னேன்.

விடியலில் குடித்த தண்ணீரோடு சரி.
அவள் மணிக்கட்டு நிற்கவில்லை.
கத்தி, தோல், கத்தி, தோல்.
அந்தப் புளிப்பெல்லாம் இப்போது
விலா எலும்புக்குக் கீழே போய்
இனிப்பாகித் திரும்பிக்கொண்டிருக்கும்,
கொழுப்புக்கு நடுவிலும்.

"நாலு வருசமா மூட்டை மூட்டையா தூக்கினு போற.
இன்னும் தெரியலன்ற."
நிமிராமலே சொன்னாள்.
"அடுத்த மூட்ட நாப்பது ரூபா."

கொடுத்தேன்.