சாவடி வந்த நாள்

ஊத்துக்கோட்டை தாண்டி
சத்தியவேடு சாலை திரும்பும் இடத்தில் எங்கள் யார்டு.
ஒரு பக்கம் இடிபாடு, ஒரு பக்கம் மக்கும் குப்பை.
நடுவில் எடைமேடை.
எடைமேடையில் நான்.

வண்டி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
எழுதுவேன்:
கல்யாண மண்டபக் கழிவறை, நாலு டன் இருநூறு.
சாலைக்கு விட்டுக்கொடுத்த மூன்று கடைகளின் முகப்பு,
பதினோரு டன்.
யார் வீடு என்று கேட்கும் பத்தி ரசீதில் கிடையாது.
'கலவை' என்று அச்சடித்திருக்கிறது, போதும்.

கிரஷரில் செங்கல்வராயன்.
பெயரை வைத்து எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று,
அவனும்தான்.
காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே
சுவர் அரைபடும் சத்தத்தில்
சிமெண்டைத் திருடிய மேஸ்திரியைக் கண்டுபிடித்துவிடுவான்.
"மாவு மாதிரி போகுது பாரு,
இதுக்குள்ள பதினெட்டு வருசம் தூங்கியிருக்காங்க."

அந்தப் பக்கம் பெஞ்சலம்மா.
குவியலுக்குள் இரும்புத்தடியை நட்டு
கொஞ்சம் பொறுத்து உருவிப் பிடிப்பாள்.
கை தாங்காவிட்டால் நல்ல செய்தி.
ஒரு பிடி அள்ளிப் பிழிவாள்:
விரலிடுக்கில் ஒரு சொட்டு நின்றால் சரி,
ஒழுகினால் "நீள்ளு எக்குவ" என்று
சருகு கொட்டச் சொல்வாள்.
நாகலாபுரத்து மாங்கொட்டை, சந்தையின் வெங்காயத்தோல்,
ஆடியில் பெரியபாளையத்தில் உடுத்திக் களைந்த வேப்பிலை.
வேப்பிலை மட்டும் லேசில் மசியாது,
அம்மன் பிடிவாதம் என்பாள்.

போன புதன்கிழமை
சோதனைச்சாவடி வந்தது.

மூன்று டிராக்டர்.
வரி மாறியபின் பூட்டியே கிடந்த கட்டடம்.
மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட தூண்
நோயாளி போலப் படுத்துக்கொண்டு வந்தது.
'வண்டியை நிறுத்து' என்று எழுதிய சுவரில்
'நிறு' மட்டும் மிச்சம்.
நிறுத்தேன்.

என் வீட்டுக்காரர் மதனப்பள்ளித் தக்காளியோடு
அந்தச் சுவருக்கு முன்னால்
ஒரு ராத்திரியும் அரைப் பகலும் நின்றவர்.
ஒரு முத்திரைக்கு.
மேசைக்கு மேலே காகிதம் சரியாகத்தான் இருந்தது,
மேசைக்குக் கீழேதான் குறை.
விடிந்தபோது அடிப்பெட்டிகள் தாரில் சொட்டிக்கொண்டிருந்தன.
அடுத்த மாதம் லாரியை விற்றோம்.

பதினெட்டு டன் அறுநூறு.
ஒரு கிலோ கூட்டவில்லை, குறைக்கவில்லை.
நினைத்திருந்தால் முடியும்,
என் முன்னாலும் ஒரு மேசை இருக்கிறது.

நாலு மணிக்குள் அரைத்துவிட்டான்.
கம்பியைக் காந்தம் எடுத்துக்கொண்டது.
"சுவர் எப்படி?" என்றேன்.
"கெட்டி. ஒண்ணும் திருடல" என்றான் செங்கல்வராயன்,
கொஞ்சம் ஏமாற்றமாக.

மழை வந்து உரக்கொட்டகை வழி சேறாகியிருந்தது.
அவசரத்துக்கு அந்தச் சாவடி ஜல்லியையே
அள்ளிப் பரப்பினோம்.

சனிக்கிழமை டிவிஎஸ் ஃபிப்டியில் தேவராஜுலு வந்தார்,
ரோஜாவுக்கு இரண்டு மூட்டை உரம்.
அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்தவர்.
என்னை அவருக்குத் தெரியாது.
லாரிகளுக்கு நடுவே சாவடிமேல் நின்றார்,
செருப்புக்கடியில் அது நறநறத்தது.
பிறகு கரண்ட் போயிற்று.

வெயில் ஏறியது.
மடித்த ஐம்பது ரூபாயை
ரசீதுப் புத்தகத்தின் அடியில் நகர்த்தினார்,
கை பழக்கம், கண் வேறெங்கோ.
நகர்த்தித் திருப்பிக் கொடுத்தேன்.
"உங்களுக்கு முன்னால நாலு வண்டி இருக்கு, சார்."

நின்றார்.
நிற்கத் தெரியாதவர் நிற்பது போல,
காலை மாற்றி மாற்றி.

கரண்ட் வந்தபோது
பெஞ்சலம்மா மூட்டையைத் தூக்கி வைத்தாள்.
கிழிந்த மூலையில் இரண்டிலை விட்ட தக்காளி நாற்று,
சூடு எட்டாத ஓரத்தில் பிழைத்த விதை.
"களையா? பிடுங்கிடும்மா" என்றார்.
"எடையில அதுவும் சேர்த்தி சார்" என்றேன்.

எண் நடுங்கியது.
நாற்பது கிலோ, நூற்றைம்பது கிராம்.
எழுதினேன்.