எடைமேடை, இரவு ஷிப்ட்

நாற்பத்தோராம் பக்கத்தில் போட்டிருந்தது,
கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த இரண்டு பக்கங்களைத்
தாண்டிக்கொள்ளலாம் என்று.
தாண்டிவிட்டேன்.
அதிலிருந்து, பந்தியில் பாதியில் வந்து உட்கார்ந்த மாதிரி
எல்லாம் இலையில் இருக்கிறது,
எது முதலில் விழுந்தது என்று தெரியவில்லை.

லீ பஜாரில்
ஆத்தூர் ஜவ்வரிசி லாரிகள் வரும்வரை
எனக்கும் டியூப்லைட் பூச்சிகளுக்கும் வேலையில்லை.
பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவள்
எலக்ட்ரானை வாசிக்கிறேன்.

ஆற்றல் பொட்டலம் பொட்டலமாகத்தான் வருமாம்,
ஒழுகாதாம்.
இது புரிந்தது. சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன்.
என் மேடையும் அப்படித்தானே:
பன்னிரண்டாயிரத்து நானூற்று இருபது,
விட்டால் நானூற்று முப்பது.
நடுவில் உள்ள ஒன்பது கிலோவும்
உலகத்திலேயே கிடையாது.

முத்திரை வைக்க வந்த தெய்வசிகாமணி
படித்தது இயற்பியலாம்.
"மெஷின் ரவுண்டு பண்ணுதும்மா, பாரம் பண்ணலையே.
நடுவுல கிலோ இருக்கு, இது காட்டாது, அவ்வளவுதான்.
உன் புஸ்தகத்துல
நடுவே கிடையாது"
என்று சொல்லிவிட்டு டீ குடித்தார்.

என்னிடம் இருந்தது அந்த ஒரே உதாரணம்.
அது விழுந்த சத்தத்தில்தான்
பக்கத்தில் எதுவோ நிற்பது தெரிந்தது.

அவர் போனபின் கரண்டும் போனது.
வடக்கே சேர்வராயன் மலையில்
ஏற்காட்டுக்கு ஏறும் ஒற்றை வெளிச்சம்
ஒரு வளைவில் இருந்தது.
இல்லை.
மேலே, இன்னொரு வளைவில் இருந்தது.

அங்கே ரோடு இருக்கிறது.
மரங்களுக்குப் பின்னால் யாரோ
செகண்டு கியரில் திட்டிக்கொண்டே ஏறுகிறார்கள்.
நேற்றாயிருந்தால் இதையும் பிடித்துக்கொண்டிருப்பேன்.
ரோடே இல்லாமல்
கீழே இருந்தது மேலே இருப்பதை
நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.
ஏழெட்டு முறைக்குப் பிறகு
லேசாக வயிற்றைப் புரட்டியது,
ஏற்காட்டு பஸ்ஸில் போல.

ஹாரன். செங்கோடன் வண்டி.
மேடை ஒருமுறை குலுங்கி நின்றது.
பதினாறாயிரத்து அறுநூற்றுப் பத்து,
ஐந்து கிலோ அப்படியோ இப்படியோ.
"என்னா, பரீட்சைக்கா?"
இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ஜன்னலில் கை நீட்டி நிற்க,
தாண்டிய பக்கத்தைத் திருப்பினேன்.
சின்ன நாற்காலி மாதிரி ஒரு எழுத்து,
அதன் முதுகின் மேல் குறுக்கே ஒரு கோடு.
என்னவென்று தெரியாமல்
சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.

"சீட்டு, அம்மணி, சீட்டு."