மூல நட்சத்திரம்

ஆண் மூலம் அரசாளும் என்றார்கள்.
பதினெட்டுச் சில்லு லொறியில்
வாவா தாண்டி, பனிக்குள்,
வளையத் தலையணை மேலிருந்து
ஆள்கிறேன்.

பெற்றோல் செட் கழிப்பறையில்
சிவப்பைக் கண்ட அன்று
புற்றுநோய் வரை போய்த் திரும்பினேன்
ஒரே நிமிடத்தில்.

மச்சான் கனகேந்திரன் அனுப்பிய
ஹோமியோபதி உருண்டைகள்
இனித்தன. அவ்வளவுதான்.

சட்பரியில் டாக்டர் கையுறை மாட்டினா.
சுவரிலிருந்த மூஸ் படத்தையே பார்த்தேன்,
அதுவும் என்னையே.
"மூலம்தான். இரத்தம் போனபடியால்
குடலையும் ஒருக்கால் பார்ப்போம்.
தண்ணி, நார்ச்சத்து.
முக்கக் கூடாது.
போனோடு உள்ளே போய்
குடியிருக்கவும் கூடாது."

இப்போது இரண்டு மணிக்கொருதரம்
இறங்கி நடக்கிறேன்.
சட்டைப் பையில் உலர்ந்த பிளம்ஸ்.

தொலைபேசியில் மனைவி:
"முதுகு நோவோ?"
ஓம். முதுகுதான்.
கொஞ்சம் கீழே.