பின் பிரேக் பிடிக்காது

மூன்று தவணை தவறினால் கடிதம்,
நாலாவதுக்கு நான்.

மேல் டிவிசனுக்கு ஏறிப் போனபோது
கொழுந்து நிறுத்து முடியவில்லை.
தராசடியில் நின்ற பெண்கள்
என் சப்பாத்தைப் பார்த்தே
யாருடைய வீட்டுக்கென்று கணித்துவிட்டார்கள்.

நிதுர்ஷன், வயது இருபத்திரண்டு.
லயத்து வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.
கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்தும்
கழுவிக்கொண்டிருந்தான்.
சங்கிலிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தான், மடையன்.

சண்டைக்கு வருவான் என்று
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்
வாய்க்குள்ளேயே ஊறிப்போயின.
கையெழுத்துப் போட்டான். சாவியைத் தந்தான்.
"சேர், பின் பிரேக் பிடிக்காது.
பாத்துப் போங்க."

முறைப்படி லொறியைக் கூப்பிட வேண்டும்.
லொறிக்கு எட்டாயிரம்,
அதுவும் அவன் கடனில்தான் ஏறும்.
இப்படி ஒரு நியாயத்தை
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
ஸ்டார்ட்டரை உதைத்தேன்.

எங்களிடமும் பிரேக் இருந்ததில்லை.
மோசஸ், தியாகு, கண்ணாடி போட்ட குலேந்திரன், நான்.
நாலு பேருக்கு ஒரு பைக்,
அதுவும் மோசஸின் மாமாவுடையது.
அவர் ஃபெக்டரிக்கு இரவு வேலைக்குப் போகும் நாட்களில்
ஹப்புத்தளையில் என்ஜினை அணைத்தால்
பெரகலையில்தான் கால் ஊன்றுவது.
வெளிச்சம் கிடையாது. சத்தம் கிடையாது.
எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் பள்ளம் என்று
கன்னத்தில் படும் காற்றுதான் சொல்லும்.
குலேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு
வளைவுகளை எண்ணுவான்.
ஒரு தரம்கூடச் சரியாக வந்ததில்லை.
பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று
சொல்லிக்கொண்டோம்.
செத்துப்போகாதது எங்கள் திறமை என்று
நம்பிக்கொண்டும் இருந்தோம்.

யாரும் சாகவில்லை. அதுதான் விஷயம்.
மோசஸ் காப்புறுதி விற்கிறான், எனக்கே ரெண்டு விற்றான்.
தியாகு கட்டாரில் பாரந்தூக்கி ஓட்டுகிறான்;
வாட்ஸ்அப்பில் காலை வணக்கம், ரோசாப்பூவோடு.
குலேந்திரன் கணக்கு வாத்தியார்.
நான் பையன்களிடமிருந்து பைக் பறிக்கிறேன்.

குறை சொல்லவில்லை.
பண்டாரவளையில் பூச்சு முடியாத ஒரு வீடு,
சுபாஜினி, இளைப்பு உள்ள மகள்,
இருபத்தைந்தாம் திகதி வந்துவிடும் சம்பளம்,
கேஸை மூடியாச்சா என்று
ராத்திரியில் ரெண்டு முறை எழும்பிப் பார்க்கும் பழக்கம்.
இதையெல்லாம் யாரும் என்மேல் ஏற்றவில்லை,
ஒவ்வொன்றாய் நானே கேட்டு வாங்கியது.
ஆனாலும் ஹெல்மெட் கொக்கி
டக்கென்று விழும்போது சில நாள்
தொண்டைக்குள் ஏதோ அகப்பட்டதுபோல் இருக்கும்.

டவுனைத் தாண்டியதும் பனி இறங்கியிருந்தது.
ரோட்டில் ஒரு சீவன் இல்லை.
யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.
சாவியைத் திருகினேன்.

வெளிச்சம் போனது. சத்தம் போனது.
முப்பத்தெட்டு வயது
கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்து
மூச்சு வாங்கி நின்றுவிட்டது.
ஒன்று.
ரெண்டு.
மூன்றாவது வளைவில் மணல்;
பின் சக்கரம் வழுக்கியது.
வலது கால் தானாகவே மிதித்தது
இல்லாத பிரேக்கை.

அந்தக் கணத்தில் ஞாபகம் வந்தது
மகளின் இன்ஹேலர் முடிந்துவிட்டது என்று.
கடவுளோ, அம்மாவோ இல்லை. இன்ஹேலர். நீல நிறம்.
பாமசி ஏழு மணிக்குப் பூட்டிவிடும்.

முன் பிரேக்கை, கெஞ்சுவதுபோல், மெல்லப் பிடித்து
ஓரத்தில் நிறுத்தி
கை நடுக்கம் அடங்கும்வரை நின்றேன்.
பிறகு விளக்கைப் போட்டு முப்பதில் போனேன்.
மரக்கறி ஏற்றிய த்ரீவீல்காரன்கூட
ஹோர்ன் அடித்து முந்தினான்.

யார்டில் படிவம்.
டயர்: பரவாயில்லை. பக்கக் கண்ணாடி: ஒன்று.
பின் பிரேக்: இயங்காது.
ஓடிய தூரத்தை மீட்டரைப் பார்த்து எழுதினேன்.
சாவி மூடியிருந்தால் இந்த மீட்டர் ஓடாது.
அந்த மூன்று வளைவும் யார் கணக்கிலும் இல்லை.

பாமசி திறந்திருந்தது.

ராத்திரி பிளேன்டீயின் முதல் மிடறில்
முன்வரிசைப் பல் முழுக்கக் கூசியது.
அவ்வளவு குளிர்காற்றிலா
வாயைத் திறந்துகொண்டே வந்திருக்கிறேன்!
"என்ன சிரிப்பு?" என்றாள் சுபாஜினி.
"ஒன்றுமில்லை," என்றேன், "சூடு."