அரைப்பேர்

செபமாலையை நான் ஏசியிருக்கிறேன்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கம், எங்கள் தோட்டத்து ஸ்டோரில்
தேயிலைப் பெட்டிக்கு ஈயத்தாள் ஒட்டுகிற வேலை அவளுக்கு.
ஒரு தை மாதம், உதடு வெடிக்கிற காற்று,
தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைப் பெட்டிமேல் வைக்கப் போனாள்.
வெட்டி விழுந்த தாள் நறுக்கொன்று
எழும்பி வந்து சீப்பில் ஒட்டியது,
ஒட்டிய வேகத்தில் உதறிக்கொண்டு விழுந்தது.
மறுபடியும் தலை வாரினாள்.
அன்றைக்கு முப்பது தடவை வாரியிருப்பாள்.
"மாப்பிள்ளை வீட்டார் எப்ப வாராங்க?" என்றான்
பெட்டிக்கு ஆணி அடிக்கிற பிலேந்திரன்.

பிறகு ஜாம் போத்தல் வந்தது.
வாயில் மெழுகு, மெழுகின் நடுவே செப்புக்கம்பி,
கம்பி நுனியில் கொழுந்தின் அகலத்தில்
இரண்டு ஈய இலை, முகத்தோடு முகம்.
சீப்பைக் காட்டினால் விலகும்.
ஒருநாள் காட்டாமலே விலகின.
வெளியே மலைக்கு மேல் ஐப்பசி கறுத்துக்கொண்டிருந்தது.

பனிமூட்டம் உள்ளே புகுந்தால் இலைகள் சோர்ந்துவிடும்.
ஈரத்தைக் குடிக்க ஏதாவது வேண்டும்;
காய்ச்சி எடுத்த தேயிலைத்தூளை விட எது குடிக்கும்?
முந்தானையில் ஒரு பிடி முடிந்து வந்தவளை
வாசலில் வாச்சர் பிடித்தான்.
ஏழு நாள் வேலை இல்லை.
எட்டாம் நாள் ஸ்டோரும் இல்லை:
கூடை, படங்கு, ஏழாம் நம்பர் மலை.
தூள் மட்டும் எப்படியோ போத்தலுக்குள் வந்துவிட்டது.
எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை.

மலை உச்சியில் மூங்கில் நட்டாள்,
மூங்கிலிலிருந்து கம்பி, கல் மறைவில் போத்தல்.
காக்கை விரட்டவாக்கும் என்று கங்காணி விட்டுவிட்டார்.
ஒரு புதன்கிழமை கத்தினாள்:
"இலை விலகிருச்சு, எறங்குங்க!"
பதினொரு பேர் இறங்கினோம்.
இடி வரவில்லை.
வெயில் வந்தது, பல்லைக் காட்டிக்கொண்டு.
கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் அரைப்பேர் போட்டார்.

பீலிக்கரையில் வைத்துத்தான் ஏசினேன்.
சின்னவனுக்குப் பால்மா இல்லை என்றேன்.
திருட்டுக் கை என்றேன். இன்னும் சொன்னேன்.
குடம் நிரம்பும்வரை நின்றாள், போனாள்.
அன்றிரவு சிமெந்துப் பேப்பரில் எழுதினாளாம்:
"புதன். விலகல் இரண்டு தீக்குச்சித் தலை. இடி இல்லை. ஏன்?"

அந்த ஏனோடுதான் எட்டு நாள் கொழுந்தெடுத்தாள்.
விலகினால் போதாது;
விலகி, சட்டென்று விழுந்து, மறுபடி விலகவேண்டும்.
தூரத்து மலையில் விழும் ஒவ்வொரு மின்னலுக்கும்
இலை ஒருமுறை தலை சாய்க்கிறது.
சாய்ப்பு நெருங்கி நெருங்கி வந்தால்,
அது நம்மை நோக்கி வருகிறது.

ஒன்பதாம் நாள் அவள் கத்தவில்லை.
என் நிரைக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்:
"எறங்குறதும் எறங்காததும் ஒங்க இஷ்டம்.
எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."
என் கூடை பாதிதான் நிறைந்திருந்தது.
போய்க் குனிந்து பார்த்தேன்.
கண்ணாடிக்குள் இரண்டு இலை
மூச்சு வாங்குகிற மாதிரி.

நான் இறங்கியதால் மற்றவர்களும் இறங்கினார்கள்.
பீலியடிக்கு வந்திருப்போம்.
சத்தத்தை விட வெள்ளைதான் பெரிதாக இருந்தது.

மூங்கில் நெடுகப் பிளந்து கிடந்தது.
போத்தல் இருந்த இடத்தில்
கண்ணாடித்தூளும் தேயிலைத்தூளும் கலந்திருந்தன.
என் நிரையில் நாலு செடி கரி.

அன்றைக்கும் அரைப்பேர்தான்.
யாரும் கேட்கப் போகவில்லை.

சம்பளத்தன்று கடையில் ஒரு ஜாம் போத்தல் வாங்கினேன்.
பிள்ளைகள் விரலால் வழித்து முடிக்க மூன்று நாள்.
கழுவி, அடுப்பு மேட்டில் கவிழ்த்து,
ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து
அவள் காம்பரா வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.
கதவைத் தட்டவில்லை.
என்ன சொல்லித் தட்டுவது?